கட்டைக்குள் ஓர் எண்ணெய்ப் புட்டி



உங்களில் பலர் ராணுவத்திலும், மத்திய ரிசர்வ் போலீசிலும், நம் மாநில ஆயுதப்படையிலும் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனாலும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொந்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் படியுங்கள். கடைசியில் விஷயம் பள்ளிக்கூடத்து அடிபம்பு வரைக்கும் வரும்.

1974-75 வாக்கில் நான் உயர்நிலைப் பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தேன். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம். எங்களுக்குப் பழகத் தந்தது ‘த்ரீ நாட் த்ரீ’ என்கிற .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. ஏறக்குறைய நாலு கிலோ. எலும்பும் தோலுமாக இருந்த எங்களுக்கு அதைத் தோளில் ஏற்றுவதே பெரும்பாடு. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் கையில் இருந்த ரகம் அது. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். காவல் நிலையங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பயிற்சி தர வந்த ஹவில்தாரை ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் சுடக் கற்றுத்தரவில்லை. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, தோளில் பதியும் அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டைக் காட்டினார். அதில் விரலால் திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு. உள்ளே இரண்டு பொருள்கள்.

ஒன்று, பித்தளை எண்ணெய்ப் புட்டி. அதன் திருகுமூடியிலேயே எண்ணெய் தொட்டு எடுக்க ஒரு நீளக் கரண்டி. கசியாமல் இருக்க மூடியில் ஒரு தோல் வாஷர். இன்னொன்று ‘புல் த்ரூ’. ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு அது. கயிற்றில் கண் மாதிரி வளையங்கள் இருக்கும். நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டிய ஃபிளானல் துணியை அதில் செருக வேண்டும். அந்தத் துணிக்குச் ‘சிந்தி’ என்று பெயர்.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, குண்டைப் பின்பக்கமிருந்து குழாய்க்குள் விட வேண்டும். முன்வாய் வழியே அது வந்ததும், நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கயிறு குழாயின் வாயில் உரசக் கூடாது. நூல் கயிறுதானே என்று கோணலாக இழுத்துக்கொண்டே இருந்தால் நாளடைவில் இரும்பு விளிம்பு தேய்ந்து குறி தப்பும். எறும்பூரக் கல் தேயும் என்று படித்தது அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் விளங்கியது.

அந்தப் பொந்தில் இன்னொரு சிக்கனமும் உண்டு. அடிக்கட்டையைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு நீளத் திருகாணி. அதை முடுக்க ஸ்க்ரூ டிரைவர் போவதற்குக் கட்டைக்குள் எப்படியும் ஒரு துளை வேண்டும். சும்மா கிடக்கும் அந்தத் துளையிலேயே எண்ணெய்ப் புட்டியைக் குடிவைத்துவிட்டார்கள்.

ரஷ்யாவின் ஏ.கே.-47-இலும் இதே யோசனைதான். மரக்கட்டையின் பின்னால் விரலை விட்டு அமுக்கினால் ஸ்பிரிங் ஒரு குப்பியை வெளியே தள்ளும். பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், பின்னைத் தட்டி எடுக்கும் ஊசி எல்லாம் அதற்குள். துடைக்கும் கம்பிக்கு அந்தக் குப்பியே கைப்பிடி. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் செய்த இன்சாஸ் ரகத்தில், மடங்காத கட்டை வைத்ததில், பழைய த்ரீ நாட் த்ரீ மாதிரியே பின்தகடும் பொந்தும் உண்டு.

விடுப்பில் வந்த நம் மாணவர் ஒருவரிடம் கேட்டேன், “ஏந்தம்பி, இதையெல்லாம் தனியா ஒரு பையில வச்சுக்கக் கூடாதா?” என்று.

“பையில வச்சா ஒரு நேரம் பை ஒரு பக்கம் போயிரும், நாம ஒரு பக்கம் போயிருவோம்யா. கட்டைக்குள்ள இருந்தா துப்பாக்கி எங்கயோ அதுவும் அங்கதான். ஆனா துணிய நல்லா சுத்தி வைக்கணும். ராத்திரி நடக்கறப்ப லொடலொடன்னு ஆடுச்சுன்னா அதுவே நம்மளக் காட்டிக்கொடுத்துரும்.”

சின்ன உதிரிபாகங்களையும் சிலர் அதில் வைப்பதுண்டு. ஒரு ஸ்பிரிங், ஒரு பின், அவ்வளவுதான். எது சீக்கிரம் தேயுமோ, எது இல்லாவிட்டால் மொத்தமும் நின்றுவிடுமோ, எதை நின்ற இடத்தில் கையாலேயே மாட்ட முடியுமோ அதற்குத்தான் அங்கே இடம்.

இந்தப் பொந்து இல்லாமல் போனதன் விலையை அமெரிக்கர்கள் வியட்நாம் போரில் கண்டார்கள். அங்கே 1960-களில் எம்-16 என்ற புதுத் துப்பாக்கியைப் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். பின்னுதைப்பைத் தாங்கும் ஸ்பிரிங் அதன் கட்டைக்குள் ஓடுகிறது. துடைக்கும் சாமானுக்கு ஆரம்பத்தில் கட்டையில் இடமே வைக்கவில்லை. இதற்கு அதிகமாகத் துடைப்பு வேண்டாம் என்ற பேச்சு வேறு. துடைக்கும் கம்பியும் பிரஷும் பல பேருக்குப் போய்ச் சேரவில்லை. போதாததற்குத் தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியதில் உள்ளே கரி அதிகம் படிந்தது. அந்த ஈரக்காட்டில், சுட்ட தோட்டாவின் கூடு குழாயிலேயே சிக்கிக்கொண்டது. அதைக் குத்தித் தள்ள ஒரு கம்பி கையில் இல்லாமல், எதிரி முன்னால் நின்று உயிர்விட்டவர்கள் உண்டு.

முதலில் பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? சிப்பாய் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றார்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுத, விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், 1967-இல் ஒரு குழு விசாரித்தது. அதன் பிறகு குழாயின் உள்ளே குரோமியம் பூசினார்கள். துடைக்கும் சாமான்களை எல்லோருக்கும் கொடுத்தார்கள். பின்னால் வந்த கட்டைகளில் கதவு வைத்த பொந்தும் வந்தது. ஆசிரியர் என்ற முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. துடைக்கும் முறையைச் சொல்லித்தர வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு 1968-இல் ஒரு படக்கதைப் புத்தகமே போட்டார்கள்.

இனி அடிபம்புக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ‘இந்தியா மார்க்-2’ அடிபம்பு ஒன்று இருந்தது. ஒரு கோடையில் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்து தண்ணீர் ஏறவில்லை. வாஷர் என்னவோ சின்னதுதான். ஆனால் அதை மாற்ற, பூமிக்குள் இருக்கும் குழாய்கள் மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். அதற்கான கருவிகளும் ஆட்களும் எங்கேயோ தூரத்தில். மூன்று வாரம், சத்துணவுக்கும் குடிக்கவும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஊரில் பேச்சு என்ன? “பிள்ளைங்க வேகமா அடிச்சே கெடுத்துட்டாங்க.” வியட்நாமில் சொன்ன அதே சொல்தான்.

இதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1980-களில் கோயம்புத்தூர்ப் பக்கம் அடிபம்புகளை வைத்து ஆண்டுக்கணக்கில் கள ஆய்வு நடத்தினார்கள். அதிலிருந்து ‘மார்க்-3’ வந்தது. அதில் குழாய்களைத் தூக்காமலே வாஷர் உள்ள பாகத்தை மட்டும் வெளியே எடுக்கலாம். ஊர்க்காரர்களே நாலு கருவிகளோடு மாற்றிவிடலாம்.

நம் வீட்டுத் தையல் மெஷினைப் பாருங்கள். அதன் டிராயரில் எண்ணெய்க் குப்பி, ஊசி, பாபின், சின்ன ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இருக்கும். அதனால்தான் பாட்டி மெஷினில் பேத்தி தைக்கிறாள்.

உங்களில் தலைமையாசிரியர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. பள்ளிக்கோ ஊருக்கோ ஒரு பொருளை வாங்கிக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதில் முதலில் தேயப்போவது எது? அதற்கு மாற்று எங்கே இருக்கும்? அதை மாற்ற யாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? பதில் கிடைத்தால் அந்த வாஷரையும் ஸ்பேனரையும் அலுவலகப் பீரோவில் பூட்டாமல் பொருளோடு சேர்த்தே வையுங்கள். இதைச் செய்யாமல் பிள்ளைகள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

படையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் கட்டைக்குள் இப்போது என்ன வைக்கிறீர்கள் என்று, சொல்லக்கூடியது என்றால் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுப்பில் வந்தால் வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்.