சித்தாள் கையில் பிரஷ்

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் பக்கத்தில் பெண்கள் வேலை. சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, வடிகட்டி, துளி நீலம் கலந்து, நார் மட்டையால் அடிப்பார்கள். அப்பத்தாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அடித்தார்கள். அவர்களை யாரும் பெயிண்டர் என்று அழைத்ததில்லை. கூலி என்ற பேச்சே கிடையாது.

டப்பாவில் டிஸ்டெம்பரும் எமல்ஷனும் வந்தபோது கூலியும் வந்தது. கூலி வந்ததும் பிரஷ் ஆண் கைக்குப் போனது. சுரண்டுவது, தண்ணீர் சுமப்பது, கடைசியில் தரையைத் துடைப்பது எல்லாம் சித்தாளுக்கு. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலைக்கு இரண்டு பெயர் இருக்கும்வரை கூலியும் இரண்டாகத்தான் இருக்கிறது.

அறந்தாங்கியில் எங்கள் குளியலறையில் டைல்ஸ் நாலடி உயரம்தான். அதற்கு மேலே டிஸ்டெம்பர். ஈரத்தையும் வெந்நீர் ஆவியையும் அது தாங்காது; ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் செதில் செதிலாக உதிரும், பூஞ்சை பிடிக்கும். இந்த முறை மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. அவரிடம் இருபது வருடமாகச் சித்தாளாக இருக்கும் அக்காவிடம் கேட்டேன்.

"நீங்களே அடிச்சுத் தருவீங்களா அக்கா?"

"தெரியாமயா? கேட்டவுகதான் இல்ல."

சைக்கிளில் வந்தார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அப்போது கற்றது. அந்தச் சைக்கிளில்தான் இத்தனை வருடமும் சித்தாள் வேலைக்குப் போய்வருகிறார்.

உதிர்ந்ததைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் பூஞ்சையைக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டார். பள்ளங்களில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தார். பிறகு கழுவக்கூடிய எமல்ஷன் இரண்டு கோட்டிங்; நடுவே நாலு மணி நேரம் இடைவெளி. டைல்ஸ் உயரத்துக்குக் கீழே, தண்ணீர் நேரடியாக அடிக்கும் இடத்தில், எமல்ஷன் நிற்காது என்றார். கதவின் பழைய எனாமலை நனைத்த பிறகே தேய்க்கச் சொன்னேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயமோ! அந்தத் தூசியை முதலில் மூச்சில் இழுப்பவர் சித்தாள்தான். "இத்தன வருசமா யாரும் இதச் சொல்லலயே" என்றார்.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "ஆம்பள ஆள் கெடைக்கலயா?" என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் மூலையில் கோடு பிசகாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து பணம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதிக்கு மேல் திருப்பி நீட்டினார்.

"கூடுதலா இருக்கு தங்கச்சி."

"இது பெயிண்டர் கூலி அக்கா."

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "வெளிய சொல்லிறாதீக. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கு வேலைக்குக் கூப்புட மாட்டாரு."

வேலை தெரியும் என்பதையே ஒளித்து வைத்தால்தான் ஒரு பெண்ணுக்கு நாளைய வேலை நிச்சயம். அக்காவின் பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான்.