மீனுக்குப் பூச்சி காட்டுதல்

குற்றாலத்துக்குப் போகிறவர்களை இரண்டே வகையில் அடக்கிவிடலாம். அருவியைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றுகிறவர்கள். ஈரத் தலையைத் துவட்டுவதற்குள் 'பார்டர் புரோட்டா எங்கே?' என்று கேட்கிறவர்கள். நீங்கள் எந்த வகையாக இருந்தாலும் சரி, அடுத்த முறை போகும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தென்காசியைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு குளத்தங்கரையில் போய் நில்லுங்கள். தூண்டிலும் கையுமாக ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூசி, ஒரு தக்கை, துளி ஈயம், முனையில் முள். பக்கத்தில் சிரட்டை நிறைய ஈர மண். அதற்குள் மண்புழு. மொத்த முதலீடு ஒரு டீ, வடைச் செலவைத் தாண்டாது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "எப்பவும் புழுதானா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மீனுக்கு என்ன புடிக்கோ அதத்தான் குடுக்கணும் தம்பி. நமக்குப் புடிச்சத மாட்டினா, கடைசில நாமதான் திங்கணும்."

பி.காம். வகுப்பில் மாதக்கணக்கில் நடத்திய மார்க்கெட்டிங் பாடத்தை மனிதர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்!

இதே பாடத்தைப் பூமியின் இன்னொரு மூலையில், மூக்கு நுனி உறைகிற குளிரில் உட்கார்ந்து படிக்கிறது ஒரு கூட்டம். கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு பாறை மாதிரி உறைந்துவிடும். அதன் மேல் நடந்து போய், திருகு துரப்பணத்தால் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகத் தூண்டிலை இறக்குகிறார்கள். தேடுவது 'லேக் ட்ரௌட்' என்ற மீனை. சாதாரண ஆசாமி இல்லை. இருபது, முப்பது வருடம் வாழும். பத்துக் கிலோவைத் தாண்டியும் வளரும்.

மேலே பனிக்கட்டி இருக்க, கீழே மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும்; பனிக்கட்டி மேலே மிதக்கும். குளிர்ந்த தண்ணீரையே விரும்பும் இந்த ட்ரௌட்டுக்கு அது சௌகரியமான வீடு.

ஆச்சரியம் இனிமேல்தான். இவ்வளவு பெரிய மீனுக்கு அவர்கள் காட்டும் இரை சில சமயம் நம் வீட்டு அரிசி மணி அளவுதான் இருக்கும். டங்ஸ்டனில் ஒரு குட்டித் தலை, பின்னால் நாலு இழை இறகு. பூச்சிப் புழு மாதிரி ஒரு போலி. ஈயத்தை விட டங்ஸ்டன் ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்பதால், பொடியாக இருந்தாலும் விறுவிறுவென்று ஆழத்துக்கு இறங்கிவிடும். மணிக்கட்டை லேசாக நடுங்கவிட வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். உயிருள்ள பூச்சியும் அப்படித்தானே... கொஞ்சம் துடிக்கும், கொஞ்சம் ஓயும்.

யானைப் பசிக்குச் சோளப்பொரியா? இங்கேதான் மீனின் வரவு செலவுக் கணக்கு வருகிறது. பெரிய இரையைத் துரத்தினால் வரவு அதிகம்தான், செலவும் அதிகம். தப்பி ஓடிவிட்டால் முழு நஷ்டம். ஏரியின் அடிச் சேற்றில் நெளியும் சின்னப் புழுக்களோ துரத்த வேண்டாத சில்லறை வரவு. சிறு மீன்கள் இல்லாத ஏரிகளில் இந்த ட்ரௌட் பூச்சிகளையும் தண்ணீரில் மிதக்கும் பொடி உயிரினங்களையும் தின்றே காலம் தள்ளுகிறது. பளபளக்கும் பெரிய தகட்டைக் காட்டினால் திரும்பிப் பார்க்காத மீன், அரிசி மணிக்கு வாயைத் திறக்கிற ரகசியம் இதுதான்.

அந்தச் சேற்றுப் புழு நமக்கும் தெரிந்ததுதான். வண்ண மீன் கடைகளில் 'பிளட் வார்ம்' என்று விற்கிறார்களே, அதே குடும்பம். வளர்ந்ததும் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. குளத்தங்கரைத் தெருவிளக்கை மாலையில் மொய்க்கிற கூட்டத்தில் அதுவும் உண்டு.

பூச்சியைப் போலச் செய்து மீனை ஏமாற்றும் கலையை நம் மலைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். ஊர் ஞாபகத்தில் ட்ரௌட் மீனையே நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1860-களில் முயன்ற பிரான்சிஸ் டே என்ற மருத்துவரால் முடியவில்லை. 1900-களின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் சாதித்தார். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிப்பகமே வந்தது.

தென்காசிக்காரர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். போலிப் பூச்சி கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க ஆசைப்பட்ட இறகு ஒன்று உண்டு. நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு! மெழுகு பூசியது போன்ற மஞ்சள் புள்ளி அதில் மின்னும். குற்றால மலைக் காட்டிலும் கூவுகிற அதே சேவல்தான். அந்த ஆசையில் எத்தனையோ சேவல்கள் கொல்லப்பட்டன. பிறகு இறகு ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. மீனை ஏமாற்றப் போன மனிதன், இடையில் ஒரு பறவையின் கணக்கையும் முடிக்கப் பார்த்தான்.

இப்போது அருவிக்கு வருவோம். ஆள் நடமாட்டம் இல்லாத ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் அசல் சரக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகு முளைத்த பின் ஓரிரு நாள் மட்டுமே வாழும் மேஃப்ளையின் இளம்பூச்சி. மணல் துகள்களைத் தன் பட்டு இழையால் ஒட்டி வீடு கட்டிக்கொள்ளும் காடிஸ் புழு. இவற்றில் பெரும்பாலானவை சுத்தமான தண்ணீரில்தான் பிழைக்கும். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவதும் இவைதான். பரிசோதனைக்கூடம் இல்லாமலே தண்ணீருக்குச் சர்டிபிகேட் கொடுக்கிற ஆடிட்டர்கள்!

அந்த ஆடிட்டர்கள் மீதுதான் நாம் சோப்பு நுரையையும் ஷாம்பு பாக்கெட்டையும் கவிழ்க்கிறோம். அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடி, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட ஒரு கெண்டை வகை உண்டு. 1954-ல் பெயர் வைத்தார்கள். நாம் குளித்த கழிவுக்கு அதுவும் பங்குதாரர்.

மேல்நாட்டில் பண்ணையில் வளர்த்துக் குட்டைகளில் விடும் ட்ரௌட்டுகள் பூச்சியைப் பார்த்தே வளர்வதில்லை. தீவன உருண்டைதான் தெரியும். அதனால் அங்கே கெட்டிக்காரர்கள் தூண்டிலில் என்ன மாட்டுகிறார்கள் தெரியுமா? பூச்சியை அல்ல, தீவன உருண்டையைப் போலச் செய்த போலியை! அசல் மறைந்தால் போலியும் மாறிவிடுகிறது.

மீனுக்கு என்ன பிடிக்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்றார் குளத்தங்கரைப் பெரியவர். அது பூச்சியாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. சிற்றாற்று மீனுக்கு ஷாம்பு பாக்கெட் மாதிரி இரை செய்ய வேண்டிய நாள் மட்டும் வந்துவிடக் கூடாது.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது, சோப்பு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்களேன். அருவியிடம் இல்லாத அழுக்கு நீக்கியா கடையில் கிடைக்கப்போகிறது?