ழானின் பெயர்

பாரிஸ் நகரில் நோத்ரு தாம் பேராலயத்தின் முன்பாக ஒரு தெரு இருந்தது. நூல் வணிகர்களும் சுவடிகளுக்கு வண்ணம் தீட்டுவோரும் நெருங்கி வாழ்ந்த தெரு அது. அங்கே கடை வைத்திருந்த ரிஷார் த மோன்பாஸ்தோன் 1348இல் 'பொற்புராணம்' என்னும் புனிதர் வரலாற்று நூலைப் பிரெஞ்சு மொழியில் படியெடுப்பித்தார். புனித கிறிஸ்தோபர் குழந்தையைத் தோளில் சுமந்த கதையை உலகெங்கும் பரப்பிய நூல் அதுவே. அதன் இறுதியில் தம் பெயர், தெரு, ஆண்டு மூன்றையும் பொறித்தார். மனைவி ழானின் பெயரைப் பொறிக்கவில்லை.

அவ்வம்மையார் 1353இல்தான் ஏட்டில் இடம்பெறுகிறார். கணவர் மறைந்தபின், கடையைத் தொடர்ந்து நடத்தப் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்கு ஆணையிட்டுக் கொடுத்தார். அப்பதிவு அவரை நூல் வணிகர் என்பதோடு நில்லாமல், ஓவியர் என்றும் குறிக்கிறது. கைம்பெண்ணான பிறகா தூரிகை பிடிக்கக் கற்றார்? பொற்றகட்டை முதலில் ஒட்டி, விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன்பின்னரே வண்ணம் தீட்டவேண்டும். முறை மாறினால் வண்ணம் கலைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பழகிய கைகளுக்கே அது வசப்படும்.

இளவரசர்களை அண்டிய பட்டறைகளின் நிலை வேறு. ஓவியர் ழான் ல நுவாருக்கு 1358இல் பாரிஸில் வீடு வழங்கப்பட்டபோது, மகள் பூர்கோவின் பெயரும் அவர் பெயரோடு எழுதப்பட்டது. தந்தை உயிரோடிருக்கையிலேயே மகளுக்குக் கிடைத்த அந்த மதிப்பு, தெருக்கடைக்காரரின் மனைவிக்குக் கிடைக்க அவர் கைம்பெண்ணாக வேண்டியிருந்தது. இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

மோன்பாஸ்தோன் இருவரின் கைவண்ணத்தையும் பிரித்தறிந்து உலகுக்கு விரிவாக எடுத்துரைத்தவர்கள் ரிச்சர்டு ரௌஸ், மேரி ரௌஸ் என்னும் ஆய்வாளர்கள். அவர்களும் கணவன் மனைவியர் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. அவர்களுடைய நூல் 2000இல் வெளிவந்தது.

பாரிஸ் தேசிய நூலகத்தில் 'ரோஜாவின் காதை' படி ஒன்று உள்ளது. அதன் ஓரச்சித்திரங்கள் சில, துறவியரையே கேலி செய்பவை. பூசை வேளையில் விரித்துப் பார்க்கத் தகாதவை! ஆனால் ஓர் ஏட்டின் அடியில், ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு மேசையில் குனிந்து சுவடி வேலை செய்கிறார்கள். அவர்கள் ரிஷாரும் ழானும்தாம் என்பது ரௌஸ் தம்பதியரின் கருத்து. இருவருக்கும் பின்னால் வேலை முடிந்த ஏடுகள் உலரத் தொங்குகின்றன. எந்த ஏடு எவருடையது என்பதற்கு அடையாளமில்லை.