திருவனந்தபுரத்துச் செங்கற் சுருள்

திருவனந்தபுரம் செல்லும் நம்மவர், பத்மநாபப் பெருமாளைத் தரிசித்து, கோவளக் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துத் திரும்பிவிடுவதே வழக்கம். நாமும் அவ்வாறு சென்றவர்களே. ஆயினும், அந்நகரில் கண்டுவர வேண்டிய பிறிதொன்றும் உண்டு. தம்பானூரில், புகையிரத நிலையத்துக்கு அண்மையில், செந்நிறக் கோபுரம்போல் உருண்டு திரண்டு நிற்கும் இந்தியன் கோப்பி ஹவுஸ் கட்டடமே அது.

உள்ளே மாடியென்று தனியே ஒன்றில்லை. நடுவே வட்டமான ஓர் உட்கூடு. அதனைச் சுற்றிச் சாய்தளம் ஒன்று சுருண்டு சுருண்டு மேலேறுகிறது. கோயிலில் பிரகாரம் வலம்வருவதுபோல் நாமும் சுற்றியே ஏறினோம். புறச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சுவராகக் கட்டப்பட்டுள்ளன. சுவரிலுள்ள துவாரங்கள் வழியே காற்றும் ஒளியும் தாராளமாகப் புகுகின்றன. மூட்டை சுமப்பவரும் உத்தியோகத்தரும் ஒரே வரிசையில் அமர்ந்து கோப்பி அருந்தக் கண்டோம். சீமான்களுக்குத் தனியிடம் ஒதுக்கக் கட்டட அமைப்பே இடந்தரவில்லை! இதனை நடத்துவோரும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தினரே.

இதனை அமைத்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிற் பிறந்த இவர், 1945இல் தொழுநோயாளர்க்குப் பணிபுரிய இந்தியா வந்து, 2007இல் திருவனந்தபுரத்திலேயே காலமானார். ஐந்து மைல் சுற்றளவிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டுமெனக் காந்தியடிகள் கூறிய கருத்து இவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

இவர் கையாண்ட முறைகள் எளியவை. செங்கற்களைக் கிடையாக வையாது பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டுவது ஒன்று. எலிப்பொறிக் கட்டு என்பது அதன் பெயர். இதனாற் செங்கல்லில் ஏறத்தாழ 25 வீதம் மிச்சமாகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கூரைத் தட்டின் அடிப்பாகத்திற் கொங்கிறீற்று அதிகம் பயன்படுவதில்லையாதலின், அங்கே பழைய ஓடுகளைப் பதித்துச் சீமெந்தையும் கம்பியையும் குறைப்பது மற்றொன்று. சுவருக்குப் பூச்சு வேண்டாமென விடுத்ததும் ஏழையின் பணத்தைக் காக்கவே. இம்முறைகளையே செல்வர் வீட்டுக்கும் உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்துக்கும் அவர் கையாண்டார். ஏழைக்கு ஒரு நீதி, செல்வர்க்கு ஒரு நீதி என்பது அவரிடம் இல்லை.

இவற்றைக் கண்டபோது நம் வன்னி மண்ணை நினையாதிருக்க இயலவில்லை. போருக்குப் பின் இந்திய உதவியில் வீடு பெற்ற குடும்பங்களுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. எனினும், வீட்டை முடிக்கக் கடன்பட்டோரும் நகை அடகு வைத்தோரும் பலர். கூரை கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. கொடுக்கும் தொகையைக் கூட்டுவது அரசின் கடன். கொடுத்த தொகைக்குள் குளிர்ச்சியும் உறுதியும் அழகும் உள்ள வீட்டை அமைத்துக் காட்டுவது கட்டடக் கலைஞரின் கடன். வன்னியின் மண்ணும் மரமும் வேறு. அங்கே செங்கல்லே வேண்டுமென்பதில்லை. ஆயின், கட்டுமுன் கையிலுள்ளதைக் கணக்கிட்டு, குடியிருக்கப்போகும் தாயிடம் அவள் தேவை யாதெனக் கேட்கும் பண்பு எம்மண்ணுக்கும் பொருந்தும்.

திருவனந்தபுரம் செல்லும் அன்பர்கள் பெருமாளைத் தரிசித்தபின் தம்பானூரிலும் ஒரு கோப்பி அருந்தி வருவார்களாக. உடன் செல்லும் பிள்ளைகள் பொறியியல் பயில்பவராயின், அச்சுவரைத் தொட்டுப் பார்க்கவும் சொல்வார்களாக.