வில் வைத்த வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வீடு என்பது கட்டிய இடத்திலேயே நின்றது. அந்த வீட்டை மோட்டார் வண்டியின் பின்னால் மாட்டி, மணிக்கு 60 மைல் வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும் காலம் வரும் என்று தெரிந்திருந்தால், "வீட்டை இழுத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். கட்டுவதில் உள்ள கஷ்டமும் கல்யாணத்தில் உள்ள கவலையும் ஒருங்கே கூடிய காரியம் அது என்பதை நாம் அமெரிக்காவில் கண்ணாரக் கண்டோம்.

வீட்டோடு பிரயாணம் செய்யும் ஆசை புதியது அல்ல. 1885-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 'வாண்டரர்' என்ற பெயருடன் ஒரு வண்டி வீட்டைச் செய்வித்துக்கொண்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டி ஸ்காத்லாந்து வரையில் போனார். கப்பற்படையில் வைத்தியராக இருந்தவர் அவர். கடலை விட்ட பிறகும் தரையில் ஒரு கப்பல் வேண்டியிருந்தது போலும்! பிற்பாடு குதிரையின் ஸ்தானத்தில் மோட்டார் வந்தது. இன்று அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்து எல்கார்ட் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இந்த டிரெய்லர் வீடுகளைச் செய்வதே பிரதான தொழில். சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, எல்கார்ட்டுக்கு டிரெய்லர் அப்படி.

நம் சகோதரியின் குமாரன் மிச்சிகன் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஒரு கோடைகாலத்தில் நாம் அங்கே போய்த் தங்கியிருந்தபோது, அவன் 25 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான். கட்டில், மெத்தை, அடுப்பு, ஐஸ் பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அதற்குள் அடக்கம். நம் ஊர் ஒண்டுக் குடித்தனக்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். சாமான்களுடன் சேர்த்து அதன் எடை 6,000 பவுண்டு. அதாவது சுமார் 2,700 கிலோ.

மிச்சிகன் சாலைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்கச் சாலைகள் எல்லாம் கண்ணாடிபோல் இருக்கும் என்று நினைப்பவர்கள் மாசி, பங்குனியில் அந்த மாகாணத்துக்குப் போய் வர வேண்டும். சாலையின் விரிசல்களில் இறங்கிய நீர் குளிரில் உறைகிறது. உறைந்த நீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் அதிகமாகிறது. அது சாலையை மேலே தூக்குகிறது. வெயில் வந்து பனி உருகினதும் அடியில் வெற்றிடம் உண்டாகிறது. மேலே ஓடும் லாரிகள் அதைப் பள்ளமாக்கிவிடுகின்றன. கோடையில் ஆட்கள் வந்து அடைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த குளிரில் பள்ளங்கள் மீண்டும் அவதாரம் எடுக்கும்.

இந்தச் சாலையில் முதல் நாள் நூறு மைல் போய் இறங்கியதும், மருமானின் மனைவி டிரெய்லருக்குள் சமையல் செய்யப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அலமாரிக் கதவுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒரு கதவின் திருகாணிகள் தரையில் கிடந்தன. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் அது ஓரறைப் பெட்டியாக ஆகியிருந்தது. கடுகும் மிளகும் வெந்தயமும் சமரசமாகக் கலந்திருந்தன. காரில் உட்கார்ந்திருந்த நமக்கு ஓர் அதிர்ச்சியும் தெரியவில்லை. பின்னால் வந்த வீடோ வழி நெடுக உதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது!

மறுநாள் மருமான் டிரெய்லருக்கு அடியில் படுத்து ஆராய்ச்சி செய்தான். அவன் கண்ட குறை என்ன என்பதைச் சொல்வதற்கு நம் ஊர் வில் வண்டியை உதவிக்கு அழைக்க வேண்டும்.

கட்டை வண்டியில் பாரம் அச்சின்மேல் நேராக உட்காருகிறது. சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால், உள்ளே இருப்பவரின் முதுகெலும்பும் அந்தக் கல்லின்மேல் ஏறுகிறது. வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் இருக்கிறது. கல்லின் உதையை அது வளைந்து வாங்கிக்கொண்டு, மெள்ள நிமிர்ந்து விடுகிறது. வில் வண்டியின் கௌரவமெல்லாம் இந்தச் சில பட்டைகளில்தான் இருந்தது.

டிரெய்லரின் அடியில் இருப்பதும் அதே பட்டை வில்தான். இரண்டு அச்சு, நான்கு சக்கரம், நான்கு வில். ஒவ்வொரு பக்கத்திலும் முன் வில்லுக்கும் பின் வில்லுக்கும் நடுவே தராசுக் கோல் போல ஓர் இரும்புத் துண்டு தொங்குகிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் கோலின் ஒரு முனை உயர, மறு முனை தாழ்ந்து, பாரத்தில் ஒரு பங்கைப் பின் வில்லின்மேல் ஏற்றுகிறது. வில்லின் முனைகள் கண் போலச் சுருண்டிருக்கும். அந்தக் கண்களிலும் கோலின் துவாரங்களிலும் போல்ட்டுகள் நுழைந்திருக்கும். போல்ட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே தேய்மானத்தை ஏற்றுக்கொள்வதற்காகப் 'புஷ்' என்னும் சிறு குழல் ஒன்று உண்டு.

இந்தக் குழலில்தான் வினை இருந்தது. தொழிற்சாலையில் பிளாஸ்டிக் குழல்களைப் போட்டிருந்தார்கள். கிரீஸ் விடுவதற்கு வழியே கிடையாது. குழல்கள் தேய்ந்து மறைந்துபோய், இரும்பும் இரும்பும் உராய்ந்து கொண்டிருந்தன. வில்லைக் கோலோடு இணைக்கும் தகடுகளில் வட்டமாக இருந்த துவாரங்கள் முட்டை வடிவமாகிவிட்டன. மருமான் ஒரு போல்ட்டைக் கழற்றி நம்மிடம் நீட்டி, "மாமா, இதைப் பாருங்கள்!" என்றான். அது பாதிக்கு மேல் அறுபட்டிருந்தது.

இதற்கு முன்பே குடும்பத்தில் டிரெய்லரைச் சீர்திருத்துவது பற்றி மகாநாடு நடந்து வந்தது. பிள்ளைகளுக்குப் பெரிய டெலிவிஷன் பெட்டி வேண்டும்; அவர்களுடைய தாயாருக்கு நல்ல மெத்தை வேண்டும். அவள் அந்தப் போல்ட்டைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"வில் கழன்றுவிடும். அச்சு கோணிக்கொள்ளும். டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். வேகமாகப் போகும்போது காரையும் சேர்த்து இழுக்கலாம்" என்றான் மருமான்.

"பின்னால் வருகிற காரிலும் குழந்தைகள் இருப்பார்களே!" என்றாள் அவள். மெத்தையைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

என்ன செய்வது என்பதில் அபிப்பிராய பேதத்துக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர், "இன்னும் கனமான வில்லாகப் போட்டுவிடு, பாரமும் அதிகம் ஏற்றலாம்" என்று யோசனை சொன்னார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கனமான வில் சுலபத்தில் வளையாது. வளையாத வில் உதையை வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்கே அனுப்பிவிடும். அலமாரிக் கதவுகள் முன்னிலும் அதிகமாக ஆடும். பாரம் ஏற்றும் யோசனை அதைவிட மோசம். வில்லை மாத்திரம் பெரிதாக்கினால் அச்சும் சக்கரமும் டயரும் பெரிதாகிவிடுமா? எத்தனை பவுண்டு தாங்கும் என்பதை டிரெய்லரின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வில்லை மாற்றுவதால் அந்தக் கணக்கு மாறாது. மயிலிறகு ஏற்றிய வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

வேறொருவர் வில்லையே எடுத்துவிட்டு ரப்பர் அச்சு போடச் சொன்னார். சதுரமான இரும்புக் குழாய்க்குள் மற்றொரு சதுரக் கம்பியைக் கோணலாகத் திருப்பி வைத்து, நான்கு மூலைகளிலும் ரப்பர்க் கயிறுகளை அடைத்திருப்பார்கள். சக்கரம் எழும்போது கம்பி திரும்பும். ரப்பர் நசுங்கி அதிர்ச்சியை விழுங்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் செலவு அதிகம். சட்டத்தில் வெட்டும் ஒட்டும் வேலையும் உண்டு. தவிர, தராசுக் கோல் இல்லாததால் டிரெய்லர் மட்டமாக நிற்காவிட்டால் ஓர் அச்சே பெரும்பாரத்தைச் சுமக்க நேரும்.

கடைசியில் மருமான் நடுவழியைத் தேர்ந்தான். வில்கள் நன்றாகவே இருந்தன, அவற்றை மாற்றவில்லை. 14 பிளாஸ்டிக் குழல்களையும் எடுத்துவிட்டு, 14 வெண்கலக் குழல்களைப் போட்டான். நடுவே துளையிட்டு, தலையில் கிரீஸ் நிப்பிள் வைத்த 14 புதிய போல்ட்டுகள். கால் அங்குலத் தகடுகளுக்குப் பதிலாக அரை அங்குலக் கனமுள்ள 8 தகடுகள். தராசுக் கோல்களுக்குப் பதிலாக, நடுவில் ரப்பர் வைத்த புதிய கோல்கள் இரண்டு. செலவு, பிள்ளைகள் கேட்ட டெலிவிஷன் பெட்டியின் விலைகூட ஆகவில்லை.

வேலை இரண்டு நாள் நடந்தது. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அச்சின்மேல் அல்லாமல் சட்டத்தின்மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, உறுதியான தாங்கிகளை நிறுத்திய பிறகே அவன் அடியில் நுழைந்தான். ஜாக்கியை மாத்திரம் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கலாகாது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். வெண்கலக் குழலைச் சுத்தியால் அடித்தால் வாய் நசுங்கிவிடும். ஆகையால் திருகு போட்டு மெள்ள மெள்ள உள்ளே அழுத்தினான். முடிந்ததும் கிரீஸ் துப்பாக்கியால் ஒவ்வொரு போல்ட்டிலும் கிரீஸ் ஏற்றினான். நம் வண்டிக்காரர்கள் அச்சுக்கு மை போடுவது நினைவுக்கு வந்தது. 10 மைல், 25 மைல், 50 மைல் என்று வழியில் நிறுத்திச் சக்கரத்து நட்டுகளை மறுபடியும் முடுக்கிப் பார்த்தான்.

அதே சாலைகள், அதே பள்ளங்கள். ஆனால் இந்தத் தடவை அலமாரிக் கதவுகள் வாயை மூடிக்கொண்டு வந்தன. அஞ்சறைப் பெட்டியில் கடுகு கொஞ்சம் எல்லை தாண்டியிருந்தது, அவ்வளவுதான். டிரெய்லர் வளைவுகளில் தள்ளாடாமல் அடக்கமாகப் பின்தொடர்ந்தது. வடக்கே போகும் வழியில் மாக்கினா தொங்கு பாலத்தைத் தாண்டினோம். 1957-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 5 மைல். இரண்டு கோபுரங்களுக்கும் இடையே மாத்திரம் 3,800 அடி. கடும் புயற்காற்றில் அதன் நடுப்பகுதி பக்கவாட்டில் 35 அடி வரை மெள்ள நகரக்கூடுமாம். அப்படி நகர இடம் வைத்துக் கட்டியிருப்பதனாலேயே பாலம் நிற்கிறது.

உறுதி என்றால் விறைப்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குடும்பத்தைத் தாங்குகிறவர்களைப் பார்த்தாலே அது சரியல்ல என்று தெரியும். பெரும்பாலான வீடுகளில் எல்லாருடைய உதையையும் வளைந்து வாங்கிக்கொண்டு, மறுபடியும் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆத்மா இருக்கிறது. தாயாராகவோ தமக்கையாகவோ இருக்கலாம். வீட்டுக்குள் மெத்தையும் திரைச்சீலையும் வாங்கிப் போடுகிறோம். அந்த ஆத்மாவுக்குத் தேய்மானம் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது குனிந்து அடியில் பார்ப்பதும், காய்ந்திருந்தால் கொஞ்சம் மசகு விடுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.