தடவிப் பார்க்கிறேன் மேடம், ஆனா எதைத் தேடுறேன்னு தெரியல

மார்பக சுயபரிசோதனை பத்தி எழுதுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. எப்படிச் செய்யணும்னு படம் போட்ட அட்டை ஆஸ்பத்திரி சுவத்துல எல்லாம் ஒட்டியிருக்கு. யூடியூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு. அதனால செய்முறையை மட்டும் எழுதிட்டுப் போக விருப்பமில்ல. செஞ்சு பார்த்த பிறகு வர்ற குழப்பத்தைப் பத்திதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து படிங்க.

போன மாசம் ஓபியில் ஒரு டீச்சர். 34 வயசு. சளிக்கு மாத்திரை வாங்கிட்டு எழுந்தவங்க, கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. (முக்கியமான விஷயம் எப்பவுமே கதவுகிட்டதான் வரும். இது எல்லா டாக்டருக்கும் தெரியும்.)

"மேடம், மாசாமாசம் தடவிப் பார்க்கிறேன். ஆனா எதைத் தேடுறேன்னே தெரியல. ஒரு நாள் எல்லாமே கட்டி மாதிரி இருக்கு. ஒரு நாள் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு. நான் சரியாத்தான் பண்றேனா?"

இதைவிட நேர்மையா யாரும் கேட்டுட முடியாது.

படுக்க வெச்சுப் பார்த்தேன். பிறகு அவங்க கையைப் பிடிச்சு, அவங்க பயந்த இடத்துலயே வெச்சேன். "இதானே?" "ஆமா மேடம், இதான்." மார்பகத்தோட அடிப்பக்கம், ப்ராவோட கம்பி உட்காருற இடத்துல, அரைவட்டமா கெட்டியா ஒரு வரப்பு மாதிரி தட்டும். அது எல்லாருக்கும் இருக்கும். அதுக்குக் கீழ தட்டினது விலா எலும்பு. எட்டு மாசமா அந்த எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு, ராத்திரி தூங்காம இருந்திருக்காங்க.

இதுல அவங்க மேல என்ன தப்பு? யாரும் காட்டிக் கொடுக்கலையே. அட்டையில் இருக்கிற படம் எதைத் தேடணும்னு சொல்லுது. தேடும்போது கையில் என்னவெல்லாம் தட்டும்னு சொல்றதில்ல.

எங்களுக்கு எம்பிபிஎஸ்ல ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்பாங்க. உங்க உதட்டைத் தொட்டுப் பாருங்க, அது மெதுவு. மூக்கு நுனியைத் தொடுங்க, அது கெட்டி. நெத்தியைத் தொடுங்க, அது கல்லு. ஒரு கட்டியைத் தொட்டா இந்த மூணுல எது மாதிரி இருக்குன்னு எழுதணும். கேட்க சுலபம். ஆனா வார்டுல வரிசையா நிறைய பேரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் விரலுக்கு அந்த வித்தியாசம் புரிய ஆரம்பிச்சது. மூளைக்குத் தெரியறதும் விரலுக்குத் தெரியறதும் வேற வேற.

ஜெர்மனியில் ஒரு பெண்கள் நல மருத்துவர் இதை வேற மாதிரி யோசிச்சார். தொடு உணர்வு யாருக்குக் கூர்மை? பார்வையில்லாத பெண்களுக்கு. அவங்களுக்குப் பயிற்சி கொடுத்து மார்பகப் பரிசோதனை செய்யற வேலைக்கு வெச்சாங்க. இந்தியாவுலயும் அந்தப் பயிற்சி வந்திருக்கு. இதை எதுக்குச் சொல்றேன்னா, இது பழகிப் பழகி வர்ற ஒரு கைவேலை. முதல் மாசமே குழம்பினா அது இயல்பு.

ஒரு விஷயத்துல உங்களுக்கு டாக்டரைவிட வசதி. நான் ஒருத்தரை வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு நிமிஷம் தொடுவேன். நீங்க வருஷக்கணக்கா உங்க உடம்போட இருக்கீங்க. வீட்டுல பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருக்கும், பஞ்சு அங்கங்க திரண்டு போயிருக்கும். அடுத்தவங்களுக்கு அது மேடு பள்ளம். உங்களுக்கு எந்த மூலையில் எது திரண்டிருக்குன்னு தூக்கத்துலயே தெரியும். உள்ள புதுசா ஒரு புளியங்கொட்டை விழுந்தா நீங்கதான் முதல்ல கண்டுபிடிப்பீங்க. உங்க உடம்புலயும் அப்படித்தான். எல்லா மேடும் கட்டி இல்ல. போன மாசம் இல்லாத மேடுதான் கணக்கு.

சரி, கையில் என்னவெல்லாம் தட்டும்? மார்பகத்தோட வெளிப்பக்கம் மேல் பாதி, அக்குளை ஒட்டின இடம், எல்லாருக்கும் கொஞ்சம் தடிப்பாத்தான் இருக்கும். பால் சுரப்பிகள் அங்கதான் அதிகம். (அதனாலேயே புற்றுக்கட்டியும் அந்தப் பகுதியில்தான் அதிகம் வருது. அங்க நிதானமா பாருங்க.) பீரியட்ஸுக்கு முந்தின வாரம் ரெண்டு பக்கமும் கனத்து, கொள்ளுப் பையைத் தடவுற மாதிரி நெருநெருன்னு இருக்கும், வலிக்கும். அந்த வாரத்துல தடவிப் பார்த்தா பயம்தான் மிஞ்சும். பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. பீரியட்ஸ் நின்னவங்க மாசத்துல ஏதாவது ஒரு தேதி வெச்சுக்கலாம். ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சின்னது, அதுவும் சகஜம். திடீர்னு அப்படி ஆனாதான் கவனிக்கணும்.

நான் அதிகம் பார்க்கிற தப்பு ஒண்ணு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கொத்தா பிடிச்சுப் பார்ப்பாங்க. அப்படிப் பிடிச்சா யாருக்கும் எல்லா இடமும் கட்டிதான்! கன்னத்தைக் கிள்ளினாக்கூடக் கட்டி மாதிரிதான் இருக்கும். நடு மூணு விரலைச் சேர்த்து வெச்சுக்கோங்க. நுனியால குத்தாம, ரேகை இருக்கிற தட்டையான பகுதியால, ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சின்னதா வட்டம் போடுங்க. விரலை எடுக்காம ஒரே இடத்துல மூணு அழுத்தம். முதல்ல தோல் மட்டும் அசையற மாதிரி, அடுத்து கொஞ்சம் ஆழமா, கடைசியா விலா எலும்பு தெரியற அளவுக்கு. பிறகு பக்கத்து இடம்.

நாத்து நடுற மாதிரி வரிசை விடாம போகணும். காரை எலும்புலேர்ந்து மார்பகத்துக்குக் கீழ வரைக்கும் ஒரு வரிசை, அங்கேர்ந்து மேல அடுத்த வரிசை. நெஞ்சு நடு எலும்புல ஆரம்பிச்சு அக்குளுக்கு நேர் கீழ வரைக்கும். மல்லாந்து படுத்து, பார்க்கிற பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால வெச்சா மார்பகம் பரந்து மெலிசாகும், உள்ள இருக்கிறது தெரியும். நின்னுட்டுப் பார்த்தா தொங்குற சதைக்குள்ள எல்லாம் ஒளிஞ்சுக்கும். அக்குளைப் பார்க்கும்போது மட்டும் கையை இறக்கித் தளர்வா வெச்சுக்கோங்க, விறைப்பா தூக்கினா ஒண்ணும் தட்டாது. காம்பைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்க்க வேண்டாம். பிதுக்கினா சில பேருக்குச் சாதாரணமாவே ஏதாவது வரும். தானா வருதா, ரத்தம் கலந்து வருதா, இதுதான் கேள்வி.

இதெல்லாம் தெரிஞ்ச எனக்கே நடந்ததைச் சொல்றேன்.

38 வயசுல ஒரு ராத்திரி குளிக்கும்போது இடது பக்கம் விரலுக்கு ஏதோ தட்டுச்சு. சோப்பு நுரையில் வழுக்கிட்டுப் போச்சு. திரும்பத் தேடினா இல்ல. படுத்துத் தேடினா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு இல்லவே இல்ல, மூணாம் நாள் திரும்ப இருக்கு. அழுத்தி அழுத்திப் பார்த்ததுல அந்த இடமே புண்ணாகி, அந்த வலியே ஒரு புதுப் பயமாச்சு. எங்க பெரியம்மா இதே நோய்ல போனவங்க. அந்த ஞாபகத்தோட தொடுற விரலும், ஓபியில் நோயாளியைத் தொடுற விரலும் ஒண்ணா இருக்குமா? சொந்த உடம்பு மேல எனக்கு டாக்டர் புத்தி வேலை செய்யல. வீட்டுக்காரர் "நீயே டாக்டர்தானே, உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டார். தெரியலங்க. நிஜமாவே தெரியல.

கூடப் படிச்ச சர்ஜன் தோழிகிட்ட போனேன். அவ ஒரு நிமிஷம்தான் பார்த்தா. "இருக்குடி. நழுவுது. அனேகமா ஃபைப்ரோஅடினோமா. ஆனா அனேகமான்னு விட மாட்டேன், எல்லாம் பார்த்துடுவோம்." ஸ்கேன், மேமோகிராம், பிறகு ஊசி வெச்சுச் சதை எடுத்து பயாப்ஸி. ரிசல்ட் வர அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளும் ஓபி பார்த்தேன். என்ன எழுதினேன், யார் வந்தாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஃபைப்ரோஅடினோமாதான். சாதாரணக் கட்டி. இன்னும் அங்கயேதான் இருக்கு, எனக்கு இப்போ அதோட முகவரி தெரியும்.

அதுக்கப்புறம் "இருக்கா இல்லையான்னு தெரியல மேடம்"னு சொல்ற பொண்ணுகிட்ட "நல்லா பாத்துட்டு வாம்மா"ன்னு சொல்ற டாக்டர்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வருது. இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது எங்க வேலை. அவ வேலை சந்தேகப்படறதோட முடிஞ்சது.

இப்போ விவரம் தெரிஞ்ச சிலர் கேட்பீங்க, "சுயபரிசோதனையால பிரயோஜனமே இல்லைன்னு ஆராய்ச்சி வந்திருக்கே டாக்டர்?" வந்திருக்கு. மறைக்க எதுவுமில்ல. ஷாங்காய்ல நெசவாலைகள்ல வேலை பார்த்த 2,66,064 பெண்களை ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு மட்டும் தீவிரமா சுயபரிசோதனை கத்துக் கொடுத்தாங்க. பத்து வருஷம் பின்தொடர்ந்து 2002-ல் முடிவு சொன்னாங்க. கத்துக்கிட்டவங்கள்ல மார்பகப் புற்றால இறந்தவங்க 135, கத்துக்காதவங்கள்ல 131. வித்தியாசமே இல்ல. கூடுதலா நடந்தது என்னன்னா, கத்துக்கிட்டவங்களுக்குச் சாதாரணக் கட்டிக்காக பயாப்ஸி அதிகமாச்சு. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியும் மாசாமாசம் கட்டாயமா செய்யச் சொல்றதை விட்டுட்டாங்க. உங்க மார்பகம் வழக்கமா எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, மாறினா வாங்க, அவ்வளவுதான் சொல்றாங்க.

மும்பை டாடா மெமோரியல் ஆய்வு நமக்கு இன்னும் கிட்ட. 1998-ல் ஆரம்பிச்சு 1,51,538 பெண்கள். பயிற்சி எடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால பரிசோதிச்சாங்க. 2021-ல் வந்த முடிவுல, நோய் முந்தின கட்டத்துலயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. 50 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்கள்ல மரணம் கிட்டத்தட்ட 30% குறைஞ்சிருக்கு. 50-க்குக் கீழ அப்படிக் குறையல. வெறும் கைதான், மெஷின் கிடையாது. ஆனா பழகின கை.

என் கருத்து இது: மாசாமாசம் பரீட்சை மாதிரி எழுதிப் பாஸ் ஆகணும்னு இல்ல. ஒரு மாசம் மறந்துட்டா குடி முழுகாது. நம்ம ஊர்ல பெரும்பாலும் கட்டியை முதல்ல கண்டுபிடிக்கிறது அந்தப் பெண்தான். குளிக்கும்போது, புள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, ஜாக்கெட் ஒரு பக்கம் மட்டும் இறுக்கும்போது. கண்டுபிடிச்ச பிறகு எங்ககிட்ட வர்றதுக்கு ஆகுற மாசங்கள்தான் என்னைப் பயமுறுத்துது.

அந்த மாசங்கள் எங்க போகுதுன்னும் சொல்றேன். "மார்பு"ங்கிற வார்த்தையே வாய்ல வராது. "நெஞ்சு வலிக்குது டாக்டரம்மா"ன்னு வருவாங்க. ஈசிஜி எடுத்து நார்மல்னு அனுப்பிடுவாங்க. 52 வயசு அம்மா ஒருத்தங்க இப்படி ரெண்டு இடத்துல ஈசிஜி எடுத்துட்டு எங்ககிட்ட வந்தாங்க. "வலி எந்த இடத்துலம்மா, கையை வெச்சுக் காட்டுங்க"ன்னதும் முந்தானையை விலக்காமலே அக்குள்கிட்ட காட்டினாங்க. "நெறி கட்டியிருக்கு." பார்த்தா மார்பகத்துல தோல் உள்ள இழுத்திருக்கு. அக்குள்ல நெறி. வலியே இல்லையாம், "வலின்னு சொன்னாதானே பாப்பீங்க"ன்னு சொன்னாங்க. சிகிச்சை முடிஞ்சு இப்போ மாத்திரையில் இருக்காங்க, வீட்டு வேலையெல்லாம் பார்க்கிறாங்க.

வலி இல்லாததால பயமில்லைன்னு நினைக்காதீங்க. வெறும் வலி மட்டும் இருந்தா அது புற்றா இருக்கிறது அபூர்வம். வலிக்காத, கல்லு மாதிரியான, நகராத கட்டி, உள்ள இழுத்துக்கிட்ட தோல், புதுசா உள்வாங்கின காம்பு, ஆறாத காம்புப் புண், ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா தடிப்பு, அக்குள் நெறி. இதுல எது இருந்தாலும் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. சின்ன வயசு, மெதுவான மேடு, சந்தேகமா இருக்குன்னா ஒரு பீரியட்ஸ் முடியற வரைக்கும் பொறுக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். பால் கொடுக்கிறவங்க "பால் கட்டு"ன்னு ரெண்டு வாரத்துக்கு மேல விடாதீங்க. ஸ்கேன் எடுக்கிறதால பாலுக்கு ஒண்ணும் ஆகாது.

அம்மா, அக்கா தங்கச்சி, பெரியம்மா சித்தி, அத்தை யாருக்காவது இருந்திருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அப்பா வழிச் சொந்தமும் கணக்குல வரும். அவங்களுக்குக் கை மட்டும் போதாது. ஆண்களே, நீங்களும்தான், நூத்துல ஒண்ணு உங்களுக்கு வருது.

30 வயசு தாண்டின பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பகப் பரிசோதனை இலவசம். பார்க்கிறது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர்தான், அதனால கூச்சப்பட வேண்டாம். அங்க போறப்போ "என் கையை வெச்சு எது எலும்பு, எது சுரப்பின்னு காட்டுங்க சிஸ்டர்"னு கேளுங்க. அந்த அஞ்சு நிமிஷம் பத்து வீடியோவுக்குச் சமம். ஊசி குத்தினா பரவிடும்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு, ஊசியைப் போட்டுக்கிட்டு வாங்க. அது இல்லாம எந்தக் கட்டின்னு யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ராத்திரி வந்து பதில் போடறேன். இன்பாக்ஸ்ல போட்டோ மட்டும் அனுப்பாதீங்க, ப்ளீஸ். போட்டோவைத் தொட்டுப் பார்க்க முடியாது.