விளக்கை அணைத்த பிறகு

"கீழே விழுறதைத் தின்னுட்டு அதுபாட்டுக்கு இருக்கும் சார்" என்று மீன் கடையில் சொன்னதை நம்பி, டைகர் பார்ப் வளரும் எங்கள் தொட்டியில் நான்கு குஹ்லி லோச் வாங்கி விட்டேன். புழு மாதிரி நெளியும் மீன். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. கீழே எதுவும் விழவேயில்லை. பாதி வழியிலேயே பார்ப்கள் பறித்துக்கொண்டன. மூன்றாவது வாரம் ஒரு லோச் வயிறு ஒட்டிச் செத்துக் கிடந்தது. "நாமதான் பட்டினி போட்டுட்டோமாப்பா?" என்றாள் மகள்.

லோச் இரவில் இரை தேடும் என்பதே பிறகுதான் தெரிந்தது. இப்போது முதலில் பார்ப்களுக்கு மிதக்கும் தீனி. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மரக்கட்டை ஓரமாக மூழ்கும் பெல்லட் இரண்டைப் போடுவாள். மிச்சமிருந்தால் காலையில் எடுத்துவிட வேண்டும்; தண்ணீர் கெட்டுவிடும். கட்டைக்கு அடியிலிருந்து முதலில் மீசைதான் எட்டிப்பார்க்கும். நேற்று செல்போன் வெளிச்சத்தில் எண்ணிவிட்டு வந்து கிசுகிசுத்தாள்: "மூணும் சாப்பிடுதுப்பா!"